மக்காச்சோளத்துக்கு நடுவே கொடி, சுற்றிலும் புல்: மேற்குக் கென்யாவில் நிலைத்து நின்ற ஓர் ஊடுபயிர்

சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகும் தெரியும், அது செய்யும் அநியாயமும் தெரியும். சோளக் கொல்லையிலும் சில இடங்களில் கரும்புத் தோட்டத்திலும் பயிரின் காலடியில் முளைத்து, சின்னதாகப் பூத்து நிற்கும். பிடுங்கிப் போட்டாலும் பயிர் தேறாது. விக்டோரியா ஏரியை ஒட்டிய மேற்குக் கென்யாவில், லுவோ மொழி பேசும் விவசாயிகள் இதன் நெருங்கிய உறவு ஒன்றைக் ‘கயோங்கோ’ என்கிறார்கள். ஸ்ட்ரைகா இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் நம்முடையதைவிட உயரம் அதிகம், ஊதாப் பூ. மக்காச்சோளம், சோளம், கேழ்வரகு எதையும் விடாது. வயல் முழுக்க ஊதா நிறமாகி, மக்காச்சோளம் இடுப்புயரத்திலேயே நின்றுபோய், கதிரே பிடிக்காமல் போன பருவங்களை அந்தப் பகுதிக் குடும்பங்கள் நிறையவே பார்த்திருக்கின்றன.

இந்தக் களைக்கும், தண்டுக்குள் புகுந்து தின்னும் ஒரு புழுவுக்கும் சேர்த்து அங்கே கண்ட பதில் ஓர் ஊடுபயிர் முறை. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற கொடி, வயலைச் சுற்றி யானைப்புல். கொடி பூச்சியைத் தள்ளும், புல் அதை இழுக்கும் என்பதால் ‘தள்ளு-இழு’ என்று பெயர். சுவாஹிலியில் இது திரும்பி நின்று ‘வூட்டா-சுகுமா’, அதாவது ‘இழு-தள்ளு’.

ஊடுபயிர் என்றதும் நாம் முதலில் கேட்பது, இரண்டாவது பயிரில் எத்தனை மூட்டை தேறும் என்பதைத்தான். கடலைக்கு நடுவே துவரை போட்டால் துவரை கிடைக்கும். தென்னைக்கு அடியில் வாழை வைத்தால் தார் கிடைக்கும். நல்ல கணக்குத்தான், தவறில்லை. இந்தக் கென்ய வயலில் உடன் நிற்கும் இரண்டு செடிகளையும் மனிதர் சாப்பிட முடியாது. அப்படியிருந்தும் மக்காச்சோள விளைச்சல் மும்மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேலே ஏறியது. அது எப்படி நடந்தது, எந்த இடத்தில் தடுமாறியது என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

இரண்டு எதிரிகள்

முதலில் புழு. தண்டுத் துளைப்பானில் அங்கே இரண்டு வகை முக்கியம். ஒன்று ஆப்பிரிக்காவிலேயே பிறந்தது, குளிர்ந்த மேட்டுப் பகுதிகளில் அதிகம். இன்னொன்று கைலோ பார்டெல்லஸ். நம் சோளத்தைத் துளைக்கும் அதே புழுதான். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, வெப்பமான தாழ்நிலங்களில் ஊன்றிக்கொண்டது.

தாய்ப்பூச்சி இருட்டிய பிறகு பறந்து வந்து முட்டையிடும். பொரித்த குஞ்சுப் புழு முதலில் குருத்துக்குள் இறங்கும். சுருண்டிருக்கும் இலையை அது துளைப்பதால், இலை விரியும்போது குறுக்கே வரிசையாக ஓட்டைகள் தெரியும். சில நாளில் தண்டுக்குள் போய்விடும். அப்புறம் மருந்து அடித்துப் பெரிதாகப் பயனில்லை, உள்ளே இருக்கும் புழு மேல் துளிகூட விழாது. நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். சராசரியாக விளைச்சலில் 20 முதல் 40 சதவீதம் இந்தப் புழுவால் போகிறது. மோசமான வருடங்களில் 80 சதவீதம் வரை போனதுண்டு.

களையின் கதை இதைவிடக் கொடுமை. ஸ்ட்ரைகா விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவை மண்ணுக்குள் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மழை பெய்தது என்பதற்காக முளைக்காது. பக்கத்தில், அதாவது சில மில்லிமீட்டர் தூரத்தில், மக்காச்சோளம் போன்ற ஒரு பயிரின் வேர் வர வேண்டும். அந்த வேரில் கசியும் வேதிப்பொருள் பட்டதும் முளைக்கும். முளைத்த வேர் சில நாட்களுக்குள் பயிர் வேரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தவறினால் செத்துவிடும், விதைக்குள் அவ்வளவுதான் சேமிப்பு. பிடித்துவிட்டால் பயிரின் நீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு வாரக்கணக்கில் மண்ணுக்கு அடியிலேயே வளரும். நம் கண்ணுக்குத் தலை தெரியும்போது பயிருக்கு நேர வேண்டிய கேடு பெரும்பாலும் நேர்ந்திருக்கும். கைக்களை எடுத்து எடுத்து அலுத்துப்போன பெண்கள் அங்கே ஏராளம். உழைப்பு போதாமல் அல்ல, களை கண்ணில் படுவதே காலம் கடந்துதான் என்பதால் அவர்கள் தோற்றார்கள்.

சத்து குறைந்த மண்ணில் ஸ்ட்ரைகா இன்னும் கொழுக்கும். நிலம் சிறியது, வருடா வருடம் அதே தானியம், எரு போட மாடு இல்லை, உரம் வாங்கக் காசு இல்லை. களை, புழு, சத்தற்ற மண் மூன்றும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன.

மிபிட்டாவில் கேட்ட கேள்வி

கென்யாவைத் தலைமையிடமாகக் கொண்ட இசிபே என்ற பன்னாட்டுப் பூச்சி ஆராய்ச்சி மையத்தைத் தாமஸ் ஒதியாம்போ 1970-இல் தொடங்கினார். விக்டோரியா ஏரிக்கரையில் மிபிட்டா என்ற ஊரில் அதன் கள நிலையம் இருக்கிறது. 1990-களின் முற்பகுதியில் அங்கே இந்த வேலையைத் தொடங்கியவர் இந்தியாவில் பிறந்த பூச்சியியலாளர் ஜெயாவுர் கான். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஜான் பிக்கெட்டும் கென்ய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் கூட்டாளிகள்.

அவர்கள் எழுப்பிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. மக்காச்சோளம் ஆப்பிரிக்காவுக்கு வந்ததே அமெரிக்கக் கண்டத்திலிருந்து, சில நூற்றாண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முன்னால் அந்த மண்ணின் தண்டுத் துளைப்பான் எதைத் தின்று பிழைத்தது? காட்டுப் புற்களைத்தான். அப்படியானால் அது மக்காச்சோளத்தைவிட அதிகமாக விரும்பும் புல் ஒன்று எங்கோ இருக்க வேண்டும். நெருங்கவே பிடிக்காத செடி ஒன்றும் இருக்க வேண்டும். நானூறுக்கும் மேற்பட்ட புற்களைச் சோதித்தார்கள்.

அடுத்து அவர்கள் செய்த ஒன்றுதான், என் கணிப்பில், இந்த முறையைக் காப்பாற்றியது. பூச்சியை நன்றாக இழுக்கும் செடிகளின் பட்டியலை விவசாயிகள் முன்னால் வைத்தார்கள். அவர்கள் யானைப்புல்லையும் சூடான் புல்லையும் காட்டினார்கள். காரணம் எளியது, மாடு தின்னும். பூச்சிக்காக மட்டும் ஒரு செடியை வளர்க்க யாரும் இடம் தர மாட்டார்கள், அதுவும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள்.

தள்ளும் செடியாக முதலில் வந்தது மொலாசஸ் புல், பிசுபிசுப்பும் வாசனையும் உள்ளது. அதை மக்காச்சோளத்துக்கு நடுவே வளர்த்தபோது புழுத் தாக்குதல் குறைந்தது. கூடவே, புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் வயலுக்குள் அதிகமாக வந்தன. 1997-இல் ‘நேச்சர்’ இதழில் இந்த ஆய்வு வெளியானது. அடுத்து டெஸ்மோடியம். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த தீவனக் கொடி, பயறு வகைக் குடும்பம். காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், மாடும் விரும்பித் தின்னும்.

நம் ஊரில் ‘வேலிமசால்’ என்று வளர்ப்பது இதுவல்ல, அது டெஸ்மாந்தஸ். ஒலி ஒற்றுமையில் குழப்பிக்கொண்டு வேலிமசால் விதையை வாங்கிப் போட்டுவிட வேண்டாம். டெஸ்மோடியத்தின் உள்ளூர்ச் சொந்தம் வேண்டுமென்றால் வரப்பிலும் புல்தரையிலும் படர்ந்து கிடக்கும் சிறுபுள்ளடியைச் சொல்லலாம்.

வயலின் அமைப்பு

மக்காச்சோள வரிசைகளுக்கு 75 சென்டிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் ஒரு வரிசை டெஸ்மோடியம். வயலைச் சுற்றிலும் மூன்று வரிசை யானைப்புல். ஒரு துண்டு 50 மீட்டருக்கு 50 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை, நம் கணக்கில் சுமார் 62 சென்ட். அதைவிடப் பெரிய நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே புல்லால் சூழ வேண்டும். ஓரத்துப் புல்லின் இழுப்பு வயலின் நடுவரை எட்ட வேண்டுமே.

டெஸ்மோடியம் விதை மிகப் பொடி. மணலோடு கலந்து, ஆழமில்லாத சாலில் தூவி, மேலாக மண்ணைத் தள்ள வேண்டும். கொடியும் புல்லும் பல்லாண்டுப் பயிர்கள், ஒருமுறை ஊன்றிவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். மக்காச்சோளத்தை மட்டும் பருவத்துக்குப் பருவம் விதைத்தால் போதும். கொடி பயிர் மேல் ஏறாமல் விதைத்த சில வாரத்தில் ஒருமுறை, பிறகு இன்னொரு முறை வெட்டிவிட வேண்டும். வெட்டியது வீண் போகாது, தொழுவத்துக்குப் போகும்.

இருட்டும் நேரத்தில், வேரடியில்

இந்த முறையின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டுமே நாம் பார்க்காத இடங்கள்.

ஒன்று, பொழுது சாய்ந்த முதல் ஒரு மணி நேரம். தாய்ப்பூச்சி முட்டையிட இடம் தேடும் நேரம் அது. செடியின் வாசனையை வைத்துத்தான் தேடும். அந்த ஒரு மணி நேரத்தில் யானைப்புல் வெளிவிடும் பச்சை வாசனை ஏறக்குறைய நூறு மடங்கு கூடுகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். மக்காச்சோளத்திலும் அது கூடத்தான் செய்கிறது, ஆனால் பத்து மடங்கு வரைதான். எனவே பூச்சி ஓரத்துப் புல்லுக்குப் போகிறது, நிறைய முட்டையும் இடுகிறது. பொரித்த குஞ்சுப் புழு தண்டைத் துளைக்கப் பார்க்கும்போது யானைப்புல் ஒரு பசைச் சாற்றைக் கசியவிடுகிறது. அதில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலான புழுக்கள் செத்துப்போகின்றன, முழுப் பூச்சியாக வெளியே வருவது வெகு சில. புல் பூச்சியைக் கூப்பிட்டு, அடுத்த தலைமுறையையும் சேர்த்து முடித்துவிடுகிறது.

இன்னொன்று, கொடியின் வேரடி. இது திட்டமிட்டுக் கண்டதல்ல. பூச்சியைத் தள்ளுவதற்காகத்தான் மிபிட்டாவில் டெஸ்மோடியத்தை மக்காச்சோளத்துக்கு நடுவே போட்டார்கள். அந்த நிலம் முழுக்க ஸ்ட்ரைகா. பயிர் வளர்ந்த பிறகு பார்த்தால், கொடி இருந்த துண்டுகளில் ஸ்ட்ரைகாவைத் தேட வேண்டியிருந்தது. பக்கத்துத் துண்டில் எப்போதும் போல ஊதாப் பூ.

காரணம் பலவாக இருக்கலாம். கொடி மண்ணை மூடி நிழல் தருகிறது. தழைச்சத்து கூடுகிறது. இரண்டுமே ஸ்ட்ரைகாவுக்கு ஆகாதவை. ஆனால் தட்டைப்பயறும் சோயாவும் சணப்பும்கூட நிழல் தருகின்றன, தழைச்சத்து சேர்க்கின்றன. அவற்றை ஊடுபயிராகப் போட்டபோது இந்த அளவுக்கு ஸ்ட்ரைகா ஒழியவில்லை. சரி, வேறு ஏதோ இருக்கிறது என்று ஒரு எளிய சோதனை வைத்தார்கள். ஒரு தொட்டியில் டெஸ்மோடியம். அதில் ஊற்றிய தண்ணீர் வேர்களின் ஊடாக இறங்கி, ஸ்ட்ரைகா விதை கலந்த மண்ணில் மக்காச்சோளம் வளரும் தொட்டிக்குப் போகும்படி செய்தார்கள். இரண்டு செடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, நிழலும் கிடையாது, அந்தத் தண்ணீர் மட்டும்தான். அப்போதும் மக்காச்சோளத்தை ஸ்ட்ரைகாவால் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

டெஸ்மோடியம் வேரில் கசியும் பொருள்களில் ஒரு வகை ஸ்ட்ரைகா விதையை முளைக்கத் தூண்டுகிறது. இன்னொரு வகை, முளைத்த வேர் வளர்ந்து பயிர் வேரைப் பிடிப்பதைத் தடுக்கிறது. விதை எழும்புகிறது, பிடிக்க வேர் கிடைக்காமல் மண்ணுக்குள்ளேயே சாகிறது. இதை ‘தற்கொலை முளைப்பு’ என்பார்கள். இதில் பெரிய லாபம் எது தெரியுமா? கைக்களை எடுத்தால் மேலே வந்த செடிதான் போகும், அடியில் கிடக்கும் விதைக் குவியல் அப்படியே இருக்கும். இந்தக் கொடியோ அந்தக் குவியலையே பருவத்துக்குப் பருவம் கரைக்கிறது. மக்காச்சோளம் இல்லாத மாதங்களிலும் கொடி வயலில் நிற்பதால் வேலை நிற்பதில்லை.

விளைச்சல்

ஸ்ட்ரைகாவும் புழுவும் சேர்ந்து அழித்த நிலங்களில் மக்காச்சோளம் ஹெக்டேருக்கு ஒரு டன்னைச் சுற்றி இருந்தது, முறை ஊன்றிய பிறகு மூன்றரை டன் வரை போனது என்று இசிபே தரும் கணக்கு. ஏக்கர் கணக்கில், நூறு கிலோ மூட்டையாகச் சொன்னால், நான்கு மூட்டை எடுத்த இடத்தில் பதினான்கு மூட்டை. சோளம் ஒரு டன்னிலிருந்து இரண்டு டன் ஆனது. கேழ்வரகு அரை டன்னிலிருந்து ஒரு டன் ஆனது.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு ‘ஊடுபயிர் போட்டால் மூன்றரை மடங்கு’ என்று யாராவது நம் பக்கம் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு டன் என்பது அந்த மண்ணின் திறமை அல்ல, அது களையும் புழுவும் தின்றுபோட்ட மிச்சம். கொடியும் புல்லும் அந்த இழப்பை நிறுத்தின. கூடவே தழைச்சத்து வந்தது, மண் மூடிக் கிடந்ததால் ஈரம் நின்றது, மாடு வந்ததால் எருவும் வந்தது. இவை எல்லாம் சேர்ந்துதான் மூன்றரை டன். ஸ்ட்ரைகா இல்லாத, ஏற்கனவே நன்றாக விளையும் நிலத்தில் இதே அளவு ஏற்றத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

1990-களின் பிற்பகுதியில் விவசாயிகளின் நிலத்துக்குப் போனபோதே இந்த வேறுபாடு தெரிந்தது. மேட்டுப் பகுதியான டிரான்ஸ் நசோயாவில் புழு ஒன்றுதான் தொல்லை, அங்கே கிடைத்தது புழு குறைந்ததன் பலன் மட்டும். ஏரிக்கரையில் உள்ள சூபா, களையும் புழுவும் சேர்ந்து அடித்த இடம், அங்கே முறை தன் முழு வேலையைக் காட்டியது.

பசுவும் பீன்ஸும்

விவசாயிகள் இந்த முறையை வருடக்கணக்கில் விடாமல் வைத்திருந்ததற்கு மக்காச்சோளம் பாதிக் காரணம் என்றால், மறுபாதி தொழுவத்தில் இருக்கிறது. ஓரத்தில் யானைப்புல், நடுவில் புரதம் நிறைந்த கொடி. நம் ஊரில் கோ-4 என்ற கம்பு நேப்பியர் தீவனப்புல்லும் கூடக் கொஞ்சம் பயறு வகைத் தீவனமும் வைத்திருப்பவருக்கு இதன் அருமை சொல்ல வேண்டியதில்லை. தீவனம் இருந்ததால் கறவை மாடு வாங்க முடிந்தது, ஆடு வளர்க்க முடிந்தது. தினமும் பால், தினமும் கொஞ்சம் பணம். மக்காச்சோளம் அறுவடைக்குக் காத்திருக்கும் மாதங்களில் வீட்டை நகர்த்துவது அந்தப் பால்தான். எரு வயலுக்குத் திரும்பியது.

பிரச்சினை பீன்ஸில் வந்தது. மேற்குக் கென்யாவில் மக்காச்சோளமும் பீன்ஸும் ஒன்றாகத்தான் விதைப்பார்கள், ஒன்றாகத்தான் சமைப்பார்கள். வரிசை இடைவெளியை டெஸ்மோடியம் எடுத்துக்கொண்டால் பீன்ஸை எங்கே போடுவது என்று கேட்டார்கள். சரியான கேள்வி. ஒரு குடும்பத்தின் சாப்பாட்டிலிருந்து பருப்பைப் பிடுங்கிக்கொண்டு வருகிற முறை எவ்வளவு விஞ்ஞானமாக இருந்தாலும் நிற்காது. மக்காச்சோளம் ஊன்றும் அதே குழியில் பீன்ஸையும் போட்டுப் பார்த்தார்கள். ஸ்ட்ரைகாவும் புழுவும் கட்டுக்குள்ளேயே இருந்தன, பீன்ஸும் கிடைத்தது. இப்படி ஆராய்ச்சி நிலையத்தின் திட்டத்தில் இல்லாத ஒரு பயிரை விவசாயிகளே வயலுக்குள் கொண்டுவந்தார்கள்.

2010-களின் நடுப்பகுதிக்குள் இதைக் கடைப்பிடித்த குடும்பங்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு லட்சத்தைத் தாண்டின. பெரும்பாலும் ஒருவர் வயலைப் பார்த்து இன்னொருவர் தொடங்கியதுதான். வயல் விழாக்களும் விவசாயியே விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் இதற்கு உதவின.

தடுமாறிய இடங்கள்

எல்லோராலும் இதைச் செய்ய முடியவில்லை. ஏன் என்பதை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் எழுதுவது விவசாயிக்குச் செய்யும் துரோகம்.

முதல் பருவம் கடினம். டெஸ்மோடியம் நாற்று மெல்ல எழும்பும், பார்க்கக் களை மாதிரியே இருக்கும். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் இறங்கியவர், எதை வெட்டுவது எதை விடுவது என்று ஒவ்வொரு தளிராகக் குனிந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் காசு கொடுத்து வாங்கிய விதை களையோடு போய்விடும். அந்தப் பருவத்தில் களையெடுக்கும் ஆள்செலவு குறைவதில்லை, கூடுகிறது. இரண்டாம் பருவத்திலிருந்துதான் கொடி மண்ணை மூடி, களை வேலையைக் குறைக்கும். கையில் ஒரு பருவத்துக்கான பொறுமையும் ஆளும் இல்லாத வீட்டால் அந்தப் பாலத்தைத் தாண்ட முடியாது.

விதை விலை அடுத்த தடை. அதனால் பலர் கொடியின் தண்டை வெட்டி நட்டுப் பெருக்கினார்கள். குத்தகை நிலம் மூன்றாவது. அடுத்த வருடம் நிலம் நம்மிடம் இருக்குமா என்று தெரியாதவர் பல வருடம் நிற்கும் கொடியை ஏன் நட வேண்டும்? மாடே இல்லாதவருக்கும், தீவனம் விற்கச் சந்தை இல்லாதவருக்கும் பாதிப் பலன் கைக்கு வராது.

நோயும் வந்தது. 2000-களில் மேற்குக் கென்யாவில் யானைப்புல்லைக் குட்டை நோய் பிடித்தது. தத்துப்பூச்சி பரப்பும் நோய் அது, தாக்கிய தூர் மஞ்சளாகிக் கட்டையாக நின்றுவிடும். வறண்ட பகுதிகளுக்குப் போனபோது முதலில் பயன்படுத்திய வெள்ளியிலை டெஸ்மோடியமும் யானைப்புல்லும் வெயில் தாங்கவில்லை. 2010-களில் இரண்டையும் மாற்றினார்கள். நடுவே வறட்சி தாங்கும் பச்சையிலை டெஸ்மோடியம், ஓரத்தில் முலாட்டோ-2 என்ற பிரக்கியாரியா புல். அந்தப் புல்லிலும் சிவப்புச் சிலந்திப்பேன் தொல்லை பின்னால் தலைகாட்டியது.

அப்புறம் படைப்புழு. 2016-இல் ஆப்பிரிக்காவில் கால் வைத்து, அடுத்த வருடமே கென்ய மக்காச்சோளத்தைச் சூறையாடியது. இந்தப் புழுவை மனத்தில் வைத்து யாரும் தள்ளு-இழு முறையை வகுக்கவில்லை. ஆனால் விவசாயிகள் தங்கள் தள்ளு-இழு வயலில் சேதம் குறைவு என்று சொல்லத் தொடங்கினார்கள். கென்யா, உகாண்டா, டான்சானியாவின் வறண்ட பகுதிகளில் 250 விவசாயிகளின் வயல்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், தனி மக்காச்சோளத்தைவிடச் செடிக்கான புழு எண்ணிக்கை 82.7 சதவீதமும் சேதம் 86.7 சதவீதமும் குறைந்திருந்தன. விளைச்சல் 2.7 மடங்கு.

இங்கேதான் விஞ்ஞானம் தன்னைத்தானே மறுபடி கேள்வி கேட்டுக்கொண்டது. டெஸ்மோடியத்தின் வாசனை பூச்சியை விரட்டுகிறது என்பதுதான் இருபது வருட விளக்கம். ஸ்வீடன் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற அண்மை ஆய்வு ஒன்று, தாக்கப்படாத டெஸ்மோடியம் அவ்வளவாக வாசனையே விடுவதில்லை, படைப்புழுவின் தாய்ப்பூச்சி அதைத் தவிர்ப்பதுமில்லை என்றது. மாறாக, இலையிலும் தண்டிலும் உள்ள கூர்மையான நுண்முடிகளில் குஞ்சுப் புழுக்கள் மாட்டி, குத்துப்பட்டுச் சாவதைக் காட்டியது. வேறொரு குழு கென்ய விவசாயிகளின் வயலிலேயே காற்றைப் பிடித்து ஆராய்ந்து, அங்கே கொடி வாசனை விடத்தான் செய்கிறது என்று பதிவு செய்தது. என் பார்வையில் இரண்டும் சேர்ந்தே நடக்க வாய்ப்பு அதிகம். பயிர் பிழைக்கிறது என்பதில் தகராறு இல்லை. எதனால் என்பது முக்கியம், ஏனென்றால் வேறொரு நாட்டில் வேறொரு செடியைத் தேர்ந்தெடுக்கும்போது வாசனையைத் தேடுவதா, முடியைத் தேடுவதா என்பதை அதுதான் முடிவு செய்யும்.

நம் பக்கம்

படைப்புழு 2018-இல் கர்நாடகத்தில் இறங்கி, அதே வருடம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளக் குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சத்தைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் அந்தப் பருவத்தை மறக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போடச் சொல்வது இங்கே பழக்கமாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தச் செடிகள் செய்வது வேறு வேலை, பூவும் தேனும் காட்டி நன்மை செய்யும் பூச்சிகளைக் கூப்பிடுவது. கென்யாவில் போட்டதையே இங்கே போடுவதைவிட, கென்யாவில் கேட்டதை இங்கே கேட்பது பயன் தரும். என் வயலில் எந்தத் தொல்லை அதிகம், அது எந்த நேரத்தில் எதைத் தேடி வருகிறது, ஓரத்தில் நிற்கும் செடி அதைக் கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறதா, முடித்தும் வைக்கிறதா?

கடைசிக் கேள்வியை நம் கடலைக் கொல்லையில் வைத்துப் பார்க்கலாம். நிலக்கடலையைச் சுற்றி ஆமணக்கு போடுவது நமக்குப் பழக்கம். இலையைத் தின்னும் புரொடீனியாப் புழுவின் தாய்ப்பூச்சி அந்த அகலமான இலையைத்தான் முதலில் தேடும். இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் பஞ்சு மூடிய முட்டைக் குவியல், ஒன்றில் நூற்றுக்கணக்கில். இழுக்கும் வேலையை ஆமணக்கு நன்றாகவே செய்கிறது. பசைச் சாறு மட்டும் அதனிடம் கிடையாது. ஓரிரு நாள் விட்டால் முட்டை பொரித்து, குஞ்சுகள் கூட்டமாக இலையைச் சுரண்டி வலை மாதிரி ஆக்கிவிடும். இன்னும் சில நாள் போனால் அவை இறங்கிக் கடலைக்குள் நடந்துவிடும். யானைப்புல் தண்டுக்குள் செய்யும் மீதி வேலையை இங்கே நம் கைதான் செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் ஓரத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு இலையையும் திருப்பி, முட்டை இருக்கும் இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டே போக வேண்டும்.